பழைய காரில் குளிர்ந்த காற்று

தேவிகாபுரம் என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்குப் பெரியநாயகி அம்மன் கோயில் நினைவுக்கு வரும். வேறு சிலருக்குப் பட்டுப் புடவை நினைவுக்கு வரும். போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் இடையே உள்ள இவ்வூர், ஆரணிப் பட்டு என்று நாம் வாங்கும் சேலைகளை நெய்யும் ஊர்களுள் ஒன்று. இங்குள்ள நெசவாளருக்குக் காற்றைத் தம் தொழிலுக்கு ஏற்பப் பக்குவப்படுத்திக்கொள்ளும் கலை புதியதன்று. தரையில் குழி வெட்டி, நெய்பவர் அதனுள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும்படி அமைத்த தறியைக் குழித்தறி என்கிறோம். அதில் பாவு தரையை ஒட்டினாற்போல் நீண்டு கிடக்கிறது. மண்ணிலிருந்து எழும் ஈரம் இழைக்கு எட்டுகிறது. பட்டு ஈரத்தை நாடும் நார். நூறு பங்கு உலர்ந்த பட்டு பதினோரு பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்றுக்கொண்டு நிற்பதே அதன் இயல்பு என்று கொண்டுதான் சந்தையில் பட்டின் எடையையே மதிப்பிடுகிறார்கள். சித்திரை வெயிலில் காற்று வறண்டுபோனால் இழை விறைத்து அறும். ஐப்பசி மழையில் ஈரம் மிகுந்தால் பாவு தளர்ந்து தொங்கும். காற்றில் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதைக் கருவி எதுவுமின்றி விரல் நுனியால் அறிகிறவர்கள் இவர்கள்.

இத்தகைய குடும்பம் ஒன்றின் வாசலில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். நெய்த சேலைகளை மூட்டையாகக் கட்டி ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் கொண்டுபோன கார் அது. மூத்த மகளின் திருமணத்திற்கு மாப்பிள்ளையை அழைத்து வந்ததும் அதுவே. பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு வழக்கு எழுகிறது. “உள்ளே உட்கார முடியவில்லை, அடுப்பாய் இருக்கிறது, விற்றுவிடுவோம்” என்பது பிள்ளைகளின் கட்சி. “என்ஜின் கல் மாதிரி இருக்கிறது, எதற்கு விற்க வேண்டும்?” என்பது தந்தையின் கட்சி. குளிர்சாதனம் இருக்கத்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் பங்குனியில் ‘கேஸ்’ அடிக்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது. இந்த வழக்கில் எந்தக் கட்சிக்கு நியாயம் என்று தீர்மானிப்பதற்கு முன், குற்றம் எங்கே என்று பார்ப்போம். மாணவர்கள் பௌதிக வகுப்பில் படிக்கும் பாடங்களுள் பாதி இந்தக் காரினுள் இருக்கிறது.

அம்பாசிடரைப்பற்றி இரண்டொரு வார்த்தை. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இதைச் செய்து வந்தது. 1950-களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. இடையே என்ஜின் மாறியது. 1992 முதல் இசுசு என்ஜின் பொருத்திய வண்டிகளும் வந்தன. ஆனால் உருவம் பெரும்பாலும் மாறவில்லை. குளிர்ந்த நாட்டுக்காக வரைந்த உருவம் அது. தொடக்கத்தில் குளிர்சாதனம் அதில் கிடையாது. முன் கதவுகளில் திருப்பிவிடக்கூடிய சிறு முக்கோணக் கண்ணாடி இருந்தது. ஓடும்போது அதைச் சாய்த்துவிட்டால் காற்று முகத்தில் வந்து மோதும். அந்நாளைய குளிர்சாதனம் அவ்வளவே. அதுவும் குறைந்த சாதனம் அன்று என்பது என் எண்ணம். பின்னாளில்தான் டாஷ்போர்டுக்குக் கீழே பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக் குளிர்சாதனம் பொருத்தும் வழக்கம் வந்தது; அதன்பின் தொழிற்சாலையிலேயே பொருத்தியும் அனுப்பினார்கள். முதலில் எண்ணியிராத ஒன்றைப் பிற்பாடு சேர்த்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னே வரும் தொல்லைகளில் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

குளிர்விப்பதைப்பற்றிப் பேசுமுன், வெப்பம் எவ்வழியாக உள்ளே வருகிறது என்று கேட்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு முன் ஓட்டையை அடைப்பதுதானே முறை? நண்பகலில் சூரியனை நோக்கிய ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் விழும் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ ஆயிரம் வாட். அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம். அந்த ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்து இருக்கையையும் டாஷ்போர்டையும் சுடவைக்கிறது. சூடேறிய பொருள்கள் திருப்பி வீசும் வெப்பக் கதிரோ அலைநீளம் மிகுந்தது. கண்ணாடி அதனை வெளியே விடுவதில்லை. சூடேறிய காற்றும் மூடிய கதவுகளைத் தாண்டிப் போக வழியில்லை. வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரினுள் 50 டிகிரிக்குமேல் ஏறிவிடுவது சாதாரணம். இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாறுதல் ஒன்றும் உண்டாவதில்லை. “ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்” என்று குழந்தையைக் காரில் விட்டுக் கடைக்குள் போவது எத்துணைக் கொடிது என்பதை இதிலிருந்து அறியலாம். சிறு குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட வெகு விரைவில் சூடேறும். இவ்வாறு உயிரிழந்த குழந்தைகள் பல நாடுகளிலும் உண்டு.

வெயிலைத் தவிர இன்னும் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, என்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவேயுள்ள தகட்டுச் சுவர். அம்பாசிடர் போன்ற பழைய வண்டியில் அச்சுவரில் ஒயர், கேபிள், ஸ்டீயரிங் தண்டு ஆகியவை நுழையும் துளைகள் பல. ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. முப்பது ஆண்டுகளில் அது பொடியாகி உதிர்ந்துவிட்டது. மற்றொன்று, கதவுகளைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை. மழை பெய்தால் ஒழுகும் கதவு, கோடையில் குளிர்ந்த காற்றையும் ஒழுகவிடும். சில நூறு ரூபாய் ரப்பரும், தரைவிரிப்பின் அடியில் ஒட்டும் வெப்பத்தடைத் தாளும், நிழலில் நிறுத்தும் பழக்கமும் குளிர்சாதனத்தின் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். வெள்ளை நிற அம்பாசிடர்கள் நாட்டில் மிகுந்திருந்ததற்கு அரசாங்க வழக்கமே முதற்காரணம் என்றாலும், வெயிலுக்கும் அதுவே ஏற்ற நிறமாக அமைந்தது.

இனிக் குளிர்சாதனத்துக்கு வருவோம். குளிரை உண்டாக்கும் யந்திரம் என்று உலகில் ஒன்று இல்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டும் யந்திரம்தான் உண்டு. வீட்டுத் திண்ணையில் வைத்த மண்பானையும் அப்படிப்பட்டதே. பானையின் புறத்தே கசிந்த நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எஞ்சிய நீர் குளிர்கிறது. காரில் நீருக்குப் பதிலாக வேறொரு திரவம் இருக்கிறது. மண்பானை தன் ஆவியைக் காற்றில் விட்டுவிடுகிறது; காரோ தன் ஆவியைப் பிடித்து மீண்டும் திரவமாக்கிச் சுற்றவிடுகிறது.

அந்தச் சுற்று இப்படி நடக்கிறது. இன்று பெரும்பாலான கார்களில் உள்ள திரவத்துக்கு ஆர் 134-ஏ என்று பெயர். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது சுழிக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுமார் மூன்று வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால் 0 டிகிரியில் கொதிக்கும். டாஷ்போர்டினுள் உள்ள குழாய்ச்சுருளில், பட்டறைக்காரர் ‘கூலிங் காயில்’ என்பதில், இவ்வாறு கொதிக்கவிடுகிறார்கள். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அது காரினுள் இருக்கும் காற்றிலிருந்து பறித்துக்கொள்கிறது. வெப்பம் சுமந்த ஆவியைக் கம்ப்ரஸர் உறிஞ்சி நெருக்குகிறது. நெருக்கிய ஆவி காரின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குப் போகிறது. அங்கே வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. டிரையர் என்னும் சிறு உருளை அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசிக்கண் போன்ற துவாரத்தின் வழியே பீச்சப்பட்டு, அழுத்தம் குறைந்து, மறுபடியும் கூலிங் காயிலில் கொதிக்கத் தொடங்குகிறது.

இச்சாதனங்களின் வலிமையை ‘டன்’ என்று அளக்கிறார்கள். யந்திரத்தின் எடை என்று பலர் நினைப்பதுண்டு. அது பனிக்கட்டியின் எடை. இரண்டாயிரம் பவுண்டு பனிக்கட்டி இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஏற்குமோ அதுவே ஒரு டன். ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட். பனிக்கட்டியை நம்பி வாழ்ந்த காலத்தின் எச்சம் இந்த அளவு. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், 1842-இல், அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிக் கப்பலேற்றிய பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். பாதி உலகைச் சுற்றி வந்த பனிக்கட்டிக்குப் பதிலாக இன்று முழங்கை நீளமுள்ள கம்ப்ரஸர் ஒன்று போதுமாயிருக்கிறது. முதன்முதல் 1939-இல் அமெரிக்கப் பாக்கார்டு கார்களில் இதை வைத்தபோது, யந்திரத்தை நிறுத்துவதற்கு விசை ஒன்றும் இல்லை. குளிர் வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

தேவிகாபுரத்துக் காருக்குத் திரும்புவோம். “கூலிங் இல்லை” என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நோய்கள் பல. எப்போது இல்லை என்று கேட்டால் பாதி நோய் தெரிந்துவிடும்.

போளூர்ச் சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. ஆரணிக் கடைத்தெருவில் நெரிசலில் நின்றால் வெந்நீர்க் காற்று வருகிறது. இதுவே பழைய காரின் தலையாய நோய். இதற்குக் கேஸ் காரணம் அன்று. ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரின் ஊடே பாய்ந்து வெப்பத்தை வாரிச் செல்கிறது. நின்றுவிட்டால் ரேடியேட்டரின் பின்னுள்ள விசிறி ஒன்றுதான் காற்றை இழுக்க வேண்டும். பழைய அம்பாசிடரில் அவ்விசிறி என்ஜினோடு பெல்ட்டால் பிணைந்தது. என்ஜின் மெதுவாகச் சுழன்றால் அதுவும் மெதுவாகச் சுழலும். தேவை மிகும் நேரத்தில் உதவி குறைகிறது. வெப்பம் வெளியேறாமல் கண்டென்சரின் அழுத்தம் ஏறுகிறது. கம்ப்ரஸர் முக்கி முனகுகிறது. அதைச் சுழற்றும் என்ஜினும் சூடாகிறது. கண்டென்சர் கொட்டிய வெப்பத்தையே பின்னால் நிற்கும் ரேடியேட்டர் சுவாசிக்க வேண்டியிருப்பதால், சிறிது நேரத்தில் ரேடியேட்டரும் கொதிக்கிறது. இந்த நிலையில் ‘கேஸ் குறைவு’ என்று எண்ணி இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றுவது, மூச்சுத் திணறுபவனுக்குச் சோறு ஊட்டுவதைப் போன்றது.

செய்ய வேண்டியது வேறு. கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடைந்துள்ள தூசியையும் பூச்சியையும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆனால் வேகமான நீர்ப்பீச்சினால் தகடுகள் மடங்கிவிடும் என்பதால் மெதுவாகக் கழுவ வேண்டும். ரேடியேட்டரின் உட்குழாய்களில் உப்புப் படிந்திருந்தால் அதை நீக்க வேண்டும். விசிறியைச் சுற்றிக் கூண்டுத்தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுது பார்த்த எவரோ கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இவற்றுக்குப் பிறகும் குறை நீங்காவிட்டால், கண்டென்சரின் முன்னே மின்விசிறி ஒன்றைத் தனியே பொருத்தலாம். அவ்வாறு பொருத்துமுன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவசியம். மிகப் பழைய வண்டிகளில் உள்ள டைனமோ, என்ஜின் மெல்ல ஓடும்போது பாட்டரிக்கு மின்சாரம் அளிப்பதில்லை. ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிக்கே இந்தச் சிகிச்சை ஏற்றது.

அடுத்த நோய் வேடிக்கையானது. புறப்பட்டு அரை மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது. பிறகு திடீரென்று குளிர் நின்றுவிடுகிறது. வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டு வந்தால் மறுபடியும் குளிர்கிறது. குழாயினுள்ளே ஈரம் இருக்கிறது என்பதற்கு இது அடையாளம். எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துவாரத்தில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைக்கிறது. யந்திரம் ஓய்ந்ததும் உருகி வழிவிடுகிறது. கூலிங் காயிலின் வெளிப்புறத்தில் பனி படிந்து காற்றை மறைத்தாலும் ஏறக்குறைய இதே அடையாளம் தோன்றும். அப்போது காற்றின் வேகமே குறைந்திருக்கும். குழாயினுள் ஈரம் நுழைந்தால் அடைப்பு மட்டுமன்று, நாளடைவில் கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். ஆதலால்தான் குழாயைத் திறந்து பழுது பார்த்தபோதெல்லாம் டிரையரைப் புதிதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதன்பின் வெற்றிடப் பம்பினால் அரை மணி நேரமாவது காற்றை வெளியேற்ற வேண்டும். வெற்றிடம் ஏன்? 30 டிகிரி வெப்பநிலையில், வளிமண்டலத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் தானே கொதித்து ஆவியாகிவிடும். குழாயினுள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரத்தைத் துடைக்க வேறு துணியில்லை. நேரம் இல்லை என்று பட்டறையில் இந்த அரை மணியைக் குறைத்தால், பிற்பாடு ஒரு கோடை முழுவதும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

மூன்றாவது, எல்லோரும் முதலாவதாகச் சொல்லும் நோய்: கேஸ் போய்விட்டது. கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. மூடிய சுற்றில் சுழலும் பொருள் அது. குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது என்பதே பொருள். காரின் குளிர்சாதனம் வீட்டுக் குளிர்பெட்டியைப்போல் முழுவதும் உலோகத்தால் மூடியது அன்று. ஆடுகின்ற என்ஜினோடு கம்ப்ரஸரும் ஆடுவதால் ரப்பர்க் குழாய்கள் தேவைப்படுகின்றன. சுழலும் தண்டு ஒன்று வெளியே வருவதால் அதைச் சுற்றி ஓர் அடைப்பு வளையமும் தேவைப்படுகிறது. முதுமையில் இவை இரண்டும் தளர்கின்றன. மிகச் சிறிய கசிவு எந்தக் காரிலும் உண்டு. அது பல ஆண்டுகளில்தான் குறையாய்த் தெரியும். ஒரே பருவத்தில் காலியானால் அது கசிவு அன்று, ஓட்டை.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க மாணவர் ஒருவரே உதவலாம். கேஸ் வெளியேறும்போது கம்ப்ரஸர் எண்ணெயையும் சிறிது கூட்டிக்கொண்டு வெளியேறும். எண்ணெய் பட்ட இடத்தில் தூசி அப்பிக்கொள்ளும். எனவே குழாய் இணைப்புகளில் எங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த அழுக்கு இருக்கிறதோ அங்கே சந்தேகப்பட வேண்டும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி எழும். காயிலினுள்ளே மறைந்த ஓட்டையாயின், நைட்ரஜன் வாயுவை அழுத்தி நிரப்பிச் சோதிப்பதும், புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தைக் கலந்து பார்ப்பதும் நல்ல பட்டறைகளில் உள்ள முறைகள். ஓட்டையைத் தேடாமல் ஆண்டுதோறும் கேஸ் மட்டும் அடிக்கும் பட்டறையைக் காட்டிலும், தேடுவதற்கு ஒரு நாள் கூலி கேட்கும் பட்டறையே மலிவானது.

பணம் மட்டும் போனால் அது அந்தக் குடும்பத்தின் கணக்கு என்று விட்டுவிடலாம். போகும் கேஸ் எங்கே போகிறது? இதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய கார்களில் இருந்தது ஆர் 12 என்னும் வாயு. அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் மிட்ஜ்லி அதை 1930-இல் ஒரு சபையின் முன்னே தாமே மூச்சாக இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மீது ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு அதுவே சான்று. என்ஜின் முட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியை 1921-இல் கண்டவரும் இவரே. ஆக, ஒரு காலத்து அம்பாசிடரின் பெட்ரோல் டாங்கியிலும் குளிர்சாதனத்திலும் ஒரே மனிதரின் கைவண்ணம் இருந்தது. உலகம் பிற்காலத்தில் இரண்டையும் விலக்க வேண்டியதாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் நின்றது.

ஆர் 12 எதனோடும் எளிதில் சேராத வாயு. அந்த நற்குணமே தீங்காக முடிந்தது. கீழ்க்காற்றில் சிதையாமல் மெல்ல மெல்ல உயரே சென்று, அங்கே புற ஊதாக் கதிரால் உடைந்து, குளோரின் அணுவை விடுகிறது. அந்த அணு ஓசோனைத் தாக்குகிறது. இதனை 1974-இல் மொலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துக் கூறினார்கள். 1985-இல் தென்துருவத்தின்மேல் ஓசோன் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987-இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. நம் நாட்டில் இவ்வாயுக்களை உற்பத்தி செய்த நான்கு நிறுவனங்களுள் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2010-க்குள் அவ்வுற்பத்தி முடிவுக்கு வந்தது. 1995-இல் மொலினா, ரோலண்டு ஆகியோருக்கும், அவர்களோடு பவுல் குருட்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பதிலாக வந்த ஆர் 134-ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடேற்றுவதில், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1,400 மடங்கு வலிமையுடையது. ஒரு காரில் 700 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் வெளியேறினால் சுமார் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. ஆகவே ஓட்டையைத் தேடாமல் விட்ட ஒரு கோடை, 400 லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோலை வீணே எரித்ததற்கு நிகர். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால், கார் குமரிமுனையிலிருந்து காசுமீரம்வரை ஓடியிருக்கும், வாசலைவிட்டு நகராமலே! இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைப்பதென்று 2016-இல் கிகாலி நகரில் முடிவாயிற்று. இந்தியா 2021-இல் அதை ஏற்றது.

ஆர் 12-க்காக அமைத்த பழைய குளிர்சாதனத்தில் ஆர் 134-ஏ வாயுவை அப்படியே அடிக்கலாமா? கூடாது. முதலாவது, பழைய கம்ப்ரஸரில் உள்ள கனிம எண்ணெயைப் புதிய வாயு தன்னோடு சுமந்து செல்லாது. எண்ணெய் எங்கோ தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு இறுகிப்போகும். பழைய எண்ணெயைக் கழுவி நீக்கிப் புதிய வாயுவுக்குரிய எண்ணெயை ஊற்ற வேண்டும். இரண்டாவது, புதிய வாயுவின் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர்க் குழாயின் ஊடே நழுவிவிடும். உள்ளே நைலான் பூச்சுள்ள குழாயும் புதிய வளையங்களும் வேண்டும். மூன்றாவது, 60 டிகிரியில் திரவமாவதற்கு ஆர் 12 சுமார் 15 வளிமண்டல அழுத்தம் கேட்டது; ஆர் 134-ஏ கேட்பதோ 16-க்கும் மேல். ஏற்கெனவே நெரிசலில் திணறும் கண்டென்சருக்கு இது அதிகச் சுமை. ஆகையால் பல நுண்குழாய்கள் இணையாகச் செல்லும் புதுவகைக் கண்டென்சரைப் பொருத்திக்கொள்வதே நலம். இம்மாற்றத்தில் செலவழிக்கும் பணத்திற்கு மிகுந்த பலன் தருவது இதுவே. வாயுவின் எடையும் பழைய அளவில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்குதான் இருக்க வேண்டும்.

சமையல் எரிவாயுவைச் சேர்ந்த வாயுக்களை அடித்துத் தருகிறோம், எதையும் மாற்ற வேண்டாம், நன்றாகக் குளிரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். குளிரும் என்பது உண்மையே. தீப்பிடிக்கும் என்பதும் அதே அளவு உண்மை. அதற்கென வடிவமைக்காத சாதனத்தில், காயில் டாஷ்போர்டினுள்ளே மக்களின் முகத்துக்கு நேரே இருக்கிறது. ஓட்டை விழுந்தால் வாயு அங்கேதான் நிறையும். இதற்கு நான் உடன்படேன்.

குளிர்சாதனம் காற்றைக் குளிர்விப்பதோடு உலர்த்தவும் செய்கிறது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த காயிலில் பட்டு நீராய் வடிந்து, சிறு குழாய் வழியே காரின் அடியில் சொட்டும். அச்சொட்டு நின்றுவிட்டால் காற்று உலர்ந்துவிட்டது என்று மகிழக் கூடாது. குழாய் அடைபட்டு நீர் தரைவிரிப்புக்குள் போகிறது என்று ஐயுற வேண்டும். புளித்த நாற்றமும் தரைத்தகட்டின் துருவும் அதன் விளைவுகள். ஜரிகைச் சேலை மூட்டையைத் தரையில் வைக்கிற காரில் இதன் நட்டம் எவ்வளவு என்று நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய கம்பியொன்றால் அந்தக் குழாயைக் குத்திவிட்டால் தீர்ந்தது. உலர்த்தும் இந்தக் குணத்தை மழைக்காலத்தில் நன்மையாகவும் கொள்ளலாம். முன்கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்றால் மங்கும்போது, குளிர்சாதனத்தை ஓட்டினால் மங்கல் விரைவில் மறையும்.

முன்பு சொன்ன தகட்டுச் சுவரின் துளைகளுக்கு மீண்டும் வர வேண்டியிருக்கிறது. வெப்பம் நுழையும் துளையில் புகையும் நுழையும். பழைய காரின் புகைக்குழாயில் துரு அரித்த ஓட்டை இருந்து, வண்டி நின்ற நிலையில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு அடிவழியாகவும் துளைவழியாகவும் உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் சிவப்புப் பொருளோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்குமேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. இரவில் வழியோரம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, குளிர்சாதனத்தை ஓடவிட்டு உறங்கியவர்கள் விழிக்காமலே போனதுண்டு. முதிய காரில் பயணம் செய்வோர் தலைவலி, குமட்டல், காரணமற்ற தூக்கம் ஆகியவற்றை உணர்ந்தால் உடனே கண்ணாடிகளை இறக்கி வெளியே வந்துவிட வேண்டும். குளிர்சாதனத்துக்குச் செலவழிக்கும் முன்னரே புகைக்குழாயைச் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கும் வழக்கில் என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். தரைத்தகடும் சட்டமும் துருவின்றி இருந்தால் தந்தை சொல்வதே சரி. ரப்பர், கண்டென்சர், குழாய், டிரையர் ஆகியவற்றை ஒருமுறை ஒழுங்காக மாற்றும் செலவு, கேஸ் அடிக்கும் கூலியைச் சில ஆண்டுகள் கூட்டிப் பார்த்தால் அதிகம் என்று தோன்றாது. ஆனால் இன்றைய புதுக் காரின் குளிரை அதில் எதிர்பார்ப்பது நியாயம் அன்று. பழைய 1489 கன சென்டிமீட்டர் என்ஜினின் வலிமை ஏறத்தாழ ஐம்பது குதிரைத்திறன். அதில் மூன்று நான்கைக் கம்ப்ரஸர் எடுத்துக்கொள்கிறது. சவ்வாது மலை ஏற்றத்தில் அதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குவதே முறை. தரைத்தகடு துருவால் சல்லடையாகியிருந்தால் பிள்ளைகள் சொல்வதே சரி. அந்தக் காருக்கு எந்தக் கேஸும் பயன்படாது. அப்போதும், விற்குமுன் உள்ளே இருக்கும் வாயுவைக் காற்றில் விடாமல், யந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால் ஒரு சிறு பழக்கம் போதும். மார்கழிக் குளிரிலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் குளிர்சாதனத்தை ஓட்டுங்கள். கம்ப்ரஸர் தண்டின் அடைப்பு வளையத்தை ஈரமாக வைத்திருப்பது அதனுள் சுழலும் எண்ணெய்தான். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் வளையம் உலர்ந்து சுருங்கும்; பங்குனியில் முதல்நாள் விசையைத் தட்டும்போது கேஸ் அந்த வழியாகவே போய்விடும்.